சிவாஜியின் தாடையில் ஓடிய எண்

எங்கள் மலையூரின் கியா பார்ம் சந்தையில் சோளம் வாங்கப் போன இடத்தில், பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு வீடியோ கேசட் கிடந்தது. ஈ-180. நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம். இந்த மலையின் ஈரத்தில் அது பூக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

ஈ-180 என்றால் மூன்று மணி நேரம். உள்ளே ஏறக்குறைய 258 மீட்டர் நாடா. பாட்டு, சண்டை, தங்கச்சி கல்யாணம் எல்லாம் சேர்ந்த ஒரு தமிழ்ப் படம் அதில் கச்சிதமாக அடங்கும். 1976இல் விஎச்எஸ்ஸைக் கொண்டுவந்த ஜேவிசிக்காரர்கள் நம்மை நினைத்தா செய்திருப்பார்கள்!

அப்போதெல்லாம் சம்பளம் போட்ட சனிக்கிழமை, தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்ப்போம். பிரிஞ்சாங்கிலிருந்து வீடியோ டெக்கும் மூன்று கேசட்டும் வாடகைக்கு வரும். அந்தக் கேசட்டுகளைக் காப்பி அடிக்கிற கடையை ஒரே ஒரு முறை, மாமாவோடு ஈப்போவுக்கு இறங்கியபோது பார்த்தேன். ஒரு டெக்கில் படம் ஓடும். அதிலிருந்து வயர் போன பத்துப் பன்னிரண்டு டெக்குகள் வரிசையாகப் பதிந்துகொண்டிருக்கும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டரை மணி நேரம், அவசரப்பட வழியில்லை. நாடாவோடு நாடாவை ஒட்டி ஓட்டி நிமிடக் கணக்கில் பதிக்கும் இயந்திரங்கள் வெளிநாட்டு ஆலைகளில் வந்தன. இங்கே காவலுக்கு ஒரு பையன்தான். கதாநாயகி சாகிறாள், அவன் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

காப்பிக்குக் காப்பி எடுத்து எங்களிடம் வரும்போது சிவப்பு உதட்டை விட்டு வெளியே வழிந்திருக்கும். திரையின் அடியில் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் ஓடும். 'முதல் மரியாதை' படத்தில் சிவாஜி கதாநாயகி குயிலுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார், அவர் தாடைமேல் கோலாலம்பூர் எண் ஊர்கிறது. லயமே அழுதது. பாட்டி மட்டும், "அந்த எழுத்த ஒருத்தனும் தொடைக்க மாட்டீங்களாடா?" என்றார்.

எனக்கு அந்த எழுத்துதான் வேண்டும். ஓடி மறைவதற்குள் எட்டிப் பிடித்துப் படித்துத்தான் தமிழ் வேகமாக வாசிக்க வந்தது.

1996இல் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி வந்தது, பின்னாலேயே விசிடி. 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் டெக் செய்வதை நிறுத்தியது. இப்போது அதே படம் கைப்பேசியில். சிவப்பு உதட்டோடு நிற்கிறது. ஆனாலும் அந்தக் கட்டம் வந்தால் என் கண் தாடைக்குத்தான் போகிறது.

கேசட்டுக்கு இரண்டு வெள்ளி கேட்டார்கள். கொடுத்தேன். பேனாவால் எழுதிய படப் பெயர் அழிந்துவிட்டது. கடை முத்திரையில் தொலைபேசி எண் மட்டும் தெரிந்தது.