நூலகத்தில் நமக்கும் ஒரு நாற்காலி

இரும்புலியூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது ஜி.எஸ்.டி. ரோடும் பைபாஸ் சந்திப்பும்தான். தெற்கே போகிற பஸ்ஸுக்காக மூட்டை முடிச்சுகளோடு நிற்கும் கூட்டம், ஓயாத லாரிச் சத்தம்... ஆனால் தெருக்களுக்குள் நுழைந்துவிட்டால் அது நம்மைப் போன்ற குடும்பங்களின் ஊர். வாசலில் கோலம், மொட்டை மாடியில் வடகம், சற்றுத் தள்ளி ஏரி. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியான பிறகு நாமும் மாநகரவாசிகள்! ஊரின் பெயரில் இரும்பும் இருக்கிறது, புலியும் இருக்கிறது. கையில் உள்ள செல்போனைக் கண்டால் மட்டும் நம்மில் பல பேருக்குப் பயம்.

ஏன் பயம்? காஸ் புக் பண்ண மகன் வரணும். கரண்ட் பில் கட்ட அவர் ஆபீஸிலிருந்து வரணும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த செய்தியைப் பிள்ளையே படித்துச் சொல்லணும். "ஏம்மா, இதுகூடத் தெரியாதா?" என்று பன்னிரண்டு வயசுப் பிள்ளை கேட்கும்போது மனசு சுருக்கென்கிறதல்லவா?

சுருக்கென்பதோடு போனால் பரவாயில்லை. நம் மாநிலத்தில் கர்ப்பிணிகள் 'பிக்மி' இணையதளத்தில் பதிவு செய்து 12 இலக்க எண் பெற வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்கிறார்கள். செவிலியர் அக்கா உதவுவார். நாமே வீட்டிலிருந்தும் பதிவு செய்யலாம். தெரியாவிட்டால் யாரோ ஒருவர் கையில் ஆதார் நகலையும் போனையும் கொடுத்துவிட்டுக் காத்து நிற்க வேண்டியதுதான். வீட்டுப் பெட்டிச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்போமா? இந்தக் காலத்தில் போனும் ஒரு சாவிதானே!

சரி, எங்கே போய்க் கற்றுக்கொள்வது? வாருங்கள் சகோதரிகளே, ஒரு நூலகத்துக்குப் போய் வருவோம். குழந்தைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி கிண்டியில் இறங்கலாம். பீச் வரைக்கும் இந்த மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். (அந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது!) கிண்டியிலிருந்து சர்தார் படேல் சாலை வழியே, ஆளுநர் மாளிகை, சிறுவர் பூங்கா எல்லாம் கடந்து, காந்தி மண்டபத்துக்கு எதிரே திரும்பினால் கோட்டூர்புரம். அங்கே 8 ஏக்கரில் நிமிர்ந்து நிற்கிறது அண்ணா நூற்றாண்டு நூலகம்.

2010 செப்டம்பர் 15-ல் திறந்த இந்த நூலகம், தரைத் தளத்துக்கு மேல் எட்டு மாடி கொண்டது. பார்வையற்றோருக்கு பிரெய்ல் புத்தகங்கள் உண்டு. நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கத் தனி இடம் உண்டு. முதல் மாடியில் குழந்தைகள் பகுதியும், நடுவே செயற்கை மரமும்... பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு வருவதுதான் பெரும்பாடு. உள்ளே போக டிக்கெட் கிடையாது. "நீ யார், என்ன படித்தாய்?" என்று கேட்பாரும் கிடையாது.

அந்த வளாகத்திலேயே தமிழ் இணையக் கல்விக்கழகமும் இருக்கிறது. 2001-ல் பிறந்தது. இதன் மின்நூலகத்தில் பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் காசில்லாமல் வீட்டிலிருந்தே படிக்கலாம். "எனக்கு இங்கிலீஷ் வராதே, கம்ப்யூட்டர் எப்படி வரும்?" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு சேதி. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி 'தமிழ் 99' என்ற விசைப்பலகை வந்தது. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு! நடுவில் வரும் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். அரிச்சுவடி தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

இனி, மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள சிங்கப்பூரில், 2020-லிருந்து பொது நூலகங்களிலும் சமூக மன்றங்களிலும் ஆள் வைத்து முதியவர்களுக்குப் போன் சொல்லித் தருகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தருக்கு ஒருத்தராக, இலவசமாக.

அவ்வளவு தூரம் வேண்டாம், நம் கேரளத்தைப் பாருங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்று ஒரு பஞ்சாயத்து. நூறு நாள் வேலை செய்யும் பெண்கள், கூலி வந்ததா என்று பார்க்கவே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பாங்கில் போய் நிற்பார்களாம். அவர்களுக்கு வேலை செய்யும் இடத்துக்கே, வீட்டுத் திண்ணைக்கே தேடிப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். 2022-ல் நாட்டிலேயே முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்து என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. பிறகு மாநிலம் முழுக்க 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள்; 2025 ஆகஸ்டில் கேரளம் முழுவதற்குமே அந்தப் பெயர் வந்துவிட்டது. மண்வெட்டி பிடித்த கைக்கு வந்தது, கரண்டி பிடித்த கைக்கு வராதா?

"இலவசம்னா ஒரு மாதிரி இருக்கே" என்று கூசுகிறீர்களா? கூச்சமே வேண்டாம்! நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரி என்று ரூபாய்க்கு 10 பைசா போகிறது. வரி இரண்டாயிரம் என்றால் நூலகத்துக்கு இருநூறு. வாடகை வீட்டுக்காரர்களும் வாடகை வழியே கொடுத்துவிடுகிறோம். இது 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு. சுதந்திர இந்தியாவிலேயே முதல் நூலகச் சட்டம் நம்முடையது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் விடாமுயற்சிக்குக் கிடைத்த பலன். ஆக, நூலகம் யாரும் நமக்குப் போடும் தர்மம் அல்ல. முன்பணம் கட்டியாகிவிட்டது, போய் உட்காராதது நாம்தான்!

இப்போது அந்த 1931-க்கு வருவோம். மின்சார ரயில் ஓட ஆரம்பித்த அதே வருஷம், மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். படிக்க வர முடியாதவர்களைத் தேடி நூலகமே போனது. அன்று புத்தகம் போன அதே வழியில் இன்று கம்ப்யூட்டரும் வரட்டும் என்று கேட்பது பேராசையா என்ன?

கேட்கும் வழி சுலபம். கோட்டூர்புரம் போனது கண் திறக்கத்தான்; வாரா வாரம் போவதற்கு வீட்டுக்குப் பக்கத்துக் கிளை நூலகம் இருக்கிறது. சொற்பப் பணத்தில் உறுப்பினராகுங்கள். அங்கே 'வாசகர் வட்டம்' இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். தெருவில் பத்துப் பெண்கள் கையெழுத்துப் போட்டு, "வாரம் இரண்டு நாள், காலை 11 முதல் 12 வரை எங்களுக்குக் கம்ப்யூட்டரும் இணையமும் சொல்லித் தர ஏற்பாடு செய்யுங்கள்" என்று நூலகரிடம் மனுக் கொடுங்கள். குழந்தைகள் பள்ளிக்குப் போயிருக்கும், அடுப்படி வேலையும் ஓய்ந்திருக்கும் நேரம் அது. கல்லூரியில் படிக்கும் பெண்ணோ, ஓய்வு பெற்ற டீச்சரோ தெருவில் இருந்தால் சொல்லித் தர அழையுங்கள்.

போகும்போது மூன்று விஷயம். நாற்பது தாண்டியவர்கள் வெள்ளெழுத்துக் கண்ணாடியை எடுத்துப் போங்கள். கண் தெரியாமல் "எனக்கு மண்டையில் ஏறலை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பாருங்கள், கண்ணுக்கு ஓய்வு. பொதுக் கம்ப்யூட்டரில் பாங்குக் கணக்கைத் திறக்க வேண்டாம், ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930. இதை இன்றைக்கே காலண்டரில் எழுதி வையுங்கள்.

அடுத்த வாரம் மார்க்கெட் போகும்போது, கிளை நூலகத்தின் வாசல்படியையும் ஒரு தடவை மிதித்துவிட்டு வாருங்கள். அங்கே உங்கள் பேரில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.