பாசிட்டிவ் என்று வந்த தாள்

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மா தையல் வேலை செய்பவர், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா வற்புறுத்தியதால் கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் போய் வந்தார். சில நாள் கழித்துக் கைக்கு வந்த தாளில் "எச்.பி.வி. பாசிட்டிவ்" என்று இருந்தது. அவ்வளவுதான்! தாளைப் பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவருக்கு இரண்டு பயம். புற்றுநோய் வந்துவிட்டது என்பது ஒன்று. இது உடலுறவால் பரவும் வைரஸ், வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் அவரை அதிகம் அழவைத்தது. (நம் ஊரில் நோயைவிட அதன் பெயருக்குத்தான் பயம் ஜாஸ்தி.)

உண்மையில் எச்.பி.வி. என்பது ஒரே வைரஸ் அல்ல. அது ஒரு பெரிய குடும்பம், அதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எல்-1 என்ற மரபணுவில் குறைந்தது 10 சதவீதம் மாறியிருந்தால்தான் தனி வகை என்று எண் கொடுக்கிறார்கள். கையில் காலில் வரும் மருவும் இந்தக் குடும்பத்தின் வேலைதான். 6, 11 ஆகிய வகைகள் பெரும்பாலும் மருவோடு நின்றுவிடும். 16, 18 அப்படியல்ல. உலகில் கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இந்த இரண்டால்தான் வருகிறது. இதைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹெரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே குடும்பத்தில் ஏன் இந்த வித்தியாசம்? காரணம் இ-6, இ-7 என்ற இரண்டு மரபணுக்கள். நம் செல்களில் கண்டபடி பெருகாமல் தடுக்கும் காவல் புரதங்கள் இருக்கின்றன. 16ன் இ-6 ஒரு காவலனை அழித்துவிடும், இ-7 இன்னொரு காவலனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 6, 11 வகைகளின் இ-7க்கு அந்தப் பிடி கிடையாது.

இன்னும் ஆச்சரியம், 16க்குள்ளேயே ஏ, பி, சி, டி என்று கிளைகள் உள்ளன. டி கிளையில் சில உட்பிரிவுகள் மற்றவற்றைவிட ஆபத்தானவை. 2017ல் 5,500க்கும் அதிகமான பெண்களிடமிருந்து கிடைத்த 16ம் வகை வைரஸ்களின் மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்த்தார்கள். புற்றுநோய் வந்தவர்களிடம் இருந்த வைரஸில் இ-7 மட்டும் ஏறக்குறைய மாறாமலே இருந்தது. எட்டாயிரம் எழுத்துக்குக் கொஞ்சம் குறைவான வைரஸ், அதில் முந்நூறு எழுத்துகூட வராத ஒரு துண்டு. அது கெட்டுப்போனால் வைரஸால் புற்றுநோய் வரை போக முடிவதில்லை போலும்!

நான்காம் நாள் அந்த அம்மா தாளை எடுத்துக்கொண்டு நர்ஸிடம் போனார். அவர் இரண்டாவது வரியைக் காட்டினார். 16 இல்லை, 18 இல்லை, வேறு வகை. "இது கேன்சர் இல்லம்மா. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா போயிடும். பல வருஷம் தெரியாமலே உடம்புல இருக்கும், யாரால எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வீட்டுக்காரரையும் சந்தேகப்படாதீங்க, அவரும் உங்களைச் சந்தேகப்பட வேண்டாம்" என்றார்.

பிறகு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். வினிகரில் இருப்பது அதுதான். கெட்ட இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். சாதாரணமாகத் தோன்றும் இந்தச் சோதனையைத் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் செய்து பார்த்து, இந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது என்று 2007ல் வெளியிட்டார்கள். நம் தமிழ்நாட்டுப் பெண்களை வைத்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் அது.

இந்த அம்மாவுக்கு வெள்ளைத் திட்டு எதுவும் இல்லை. ஒரு வருடம் கழித்து வரச் சொன்னார்கள். ஒன்பதாவது படிக்கும் மகளுக்குத் தடுப்பூசி எங்கே போடுவார்கள் என்று கேட்டுக்கொண்டார். 16, 18 இரண்டையும் தடுக்கும் ஊசி இப்போது இந்தியாவிலேயே தயாராகிறது.

வீட்டுக்கு வந்து வரவேண்டிய தேதியைக் குறித்துவைக்கப் பார்த்தார். அடுத்த வருட காலண்டர் இன்னும் வரவில்லை. இருக்கிற தினசரிக் காலண்டரின் அட்டைக்குப் பின்னால் துணியில் கோடு போடும் சாக்கால் எழுதி வைத்தார். ராத்திரி வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன தேதி?" என்று கேட்டார். பீரோவைத் திறந்து தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.