அஞ்சு கிலோ ஆல்ஃபா

அல்சேஷன் உறுமினா தெருவே ஒதுங்கிப் போகும். பொமரேனியன் உறுமினா "ஐ, கோவத்தைப் பாரேன்"னு செல்போனை எடுத்து வீடியோ பிடிப்போம். சின்ன நாய் வளர்க்கிற வீடுகள்ல வர்ற பிரச்சினை முக்கால்வாசி இந்த இடத்துலதான் ஆரம்பிக்குதுங்கிறது என் கட்சி. பெரிய நாய் மேல தாவினா ஒழுங்கீனம், சின்ன நாய் தாவினா பாசம். பெரிய நாய் பல்லைக் காட்டினா அன்னைக்கே ஆள் தேடுவோம். சின்ன நாய் காட்டினா வர்ற விருந்தாளிக்கெல்லாம் அதை வேடிக்கை காட்டுவோம். தன்னோட எடை அஞ்சு கிலோங்கிறது நாய்க்குத் தெரியாது பாருங்க.

எங்க வீட்டு ஐயா பேரு பட்டாணி. வெள்ளை ஸ்பிட்ஸ், ரெண்டு வயசு. (நம்ம ஊர்ல பொமரேனியன்னு சொல்லி விக்கிறதுல பெரும்பாலும் இந்த இந்தியன் ஸ்பிட்ஸ்தான். 1994-ல வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்துல வர்ற டஃபி இதே ஜாதி.) பட்டாணிக்கு உலகத்துல பிடிச்சது மூணு: இட்லி, சோஃபா, யாராவது கழட்டிப் போட்ட சாக்ஸ். சாக்ஸைக் கவ்விக்கிட்டு சோஃபாவுக்கு அடியில போயிட்டா அது அவரோட சொத்து. கிட்ட போனா "கிர்ர்ர்". எல்லாரும் சிரிப்போம்.

போன வருஷ லீவுல அக்கா பொண்ணு வந்திருந்தா. ஆறு வயசு. நான் ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டிருந்த ஒரு மதியம், அவளோட சாக்ஸை பட்டாணி தூக்கிட்டுப் போயிட்டான். இவ சோஃபாவுக்கு அடியில கையை விட்டிருக்கா. புறங்கையில பல் பட்டுடுச்சு. ரத்தம் வரலை, ஆனா தோல் நல்லா உரிஞ்சிருந்துச்சு. அம்மாதான் பதறாம குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவியிருக்காங்க. (நாய் பல் பட்டா முதல்ல செய்ய வேண்டியது இதுதான் மக்களே. மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.) பட்டாணிக்கு வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி போட்டிருக்கு, அட்டையும் இருக்கு. இருந்தாலும் டாக்டர் குழந்தைக்கு ஊசி ஆரம்பிச்சுட்டார். முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ம் நாள். நாலாவது தடவை குழந்தை அழறதையே விட்டுட்டா. அக்கா விடலை.

"ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நாங்க வர்றோம். நீயே முடிவு பண்ணிக்கடா" அப்படின்னுட்டா. அவ சொன்னதுல தப்பே கிடையாது. பெத்தவ அவ.

அப்பா அன்னைக்கு ராத்திரியே ஒரு யோசனை வச்சிருந்தார். செங்கல்பட்டுப் பக்கம் அவருக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட தோட்டத்துல காவலுக்கு நாய் வேணுமாம், குடுத்துடலாம். ஃபேன் நின்னா எழுந்து வந்து நம்ம மூஞ்சியைப் பாக்குற நாய், அது தோட்டத்துக்குக் காவலாம். காலையில வாக்கிங் போறப்ப ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் கண்ணுல படும்: அழுக்கேறி முடியெல்லாம் சடை விழுந்து, கழுத்துல மட்டும் பழைய பட்டையோட ஒரு சின்ன வெள்ளை நாய், தெரு நாய்ங்களுக்கு நடுவுல எங்க நிக்கிறதுன்னு தெரியாம நிக்கும். அதெல்லாம் யாரோ ஒருத்தர் வீட்டுப் பட்டாணிதான். வளர்த்த பிராணியைத் தெருவுல விடுறது 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தோட்டத்துக்கு அனுப்பினா குற்றம் இல்ல. ஆனா தோட்டத்துக்கும் தெருவுக்கும் நடுவுல ஒரு படல்தான் இருக்குன்னு எனக்குத் தோணுச்சு. நாலு மாசம் டயம் கேட்டேன். அப்பா சரின்னார்.

முதல்ல ஒரு பயிற்சியாளர் வந்தார். பேரெல்லாம் வேண்டாம், நல்ல மனுஷன்தான், நம்பிக்கை மட்டும் கொஞ்சம் ஓவர். வந்ததும் அப்பாவைப் பார்த்து, "சார், இந்த வீட்ல யாரு லீடர்னு அதுக்குத் தெரியலை. நீங்க ஆல்ஃபா ஆகணும் சார்" என்றார். 34 வருஷம் கவர்மெண்டு உத்தியோகம் பாத்த அப்பாவுக்கு ரிட்டயர் ஆனப்புறம் கிடைச்ச முதல் பிரமோஷன், முகத்துல ஒரு பூரிப்பு. விதிமுறைகள் இப்படி: நாம சாப்பிட்ட அப்புறம்தான் அதுக்குச் சாப்பாடு. வாசப்படியை நாமதான் முதல்ல தாண்டணும். உறுமினா உடனே மல்லாக்கப் புரட்டி, அது அடங்குற வரைக்கும் தரையோட அழுத்திப் பிடிக்கணும். சொல்லிட்டு செஞ்சும் காட்டினார். பட்டாணி கையைக் காலை உதறிப் பாத்துட்டு, அப்படியே விறைச்சுப் போய் மூத்திரம் போயிட்டான். "பாத்தீங்களா, சப்மிட் பண்ணிட்டான்" என்றார் அவர். அம்மா உள்ளேயிருந்து, "பயத்துல மூத்திரம் போனா அதுக்குப் பேரு மரியாதையா?" என்று கேட்டாங்க. போதும் சார்னு அவரை எழுப்பி விட்டு, பேசின காசைக் குடுத்து அனுப்பிட்டேன். ரெண்டு நாள் பட்டாணி கட்டிலுக்கு அடியிலேயேதான் இருந்தான்.

இந்த ஆல்ஃபா சமாச்சாரம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினா வந்தது நாய் இல்ல, ஓநாய். ருடால்ஃப் ஷெங்கல்னு ஒருத்தர் ஸ்விட்சர்லாந்துல, பேசல் மிருகக்காட்சிசாலையில வேலிக்குள்ள அடைச்சிருந்த ஓநாய்களைக் கவனிச்சு 1947-ல ஒரு கட்டுரை எழுதினார். அதுங்க சண்டை போட்டு, ஜெயிச்சது தலைவனாச்சுன்னு அதுல வருது. 1970-ல அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் மெக் ஓநாயைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் போட்டார். 'ஆல்ஃபா' ஊரெல்லாம் பரவினதுல அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு. அப்புறம் அதே மெக், கனடாவோட வடகோடியில இருக்கிற எல்ஸ்மியர் தீவுக்கு 1986-லேர்ந்து கோடைகாலமெல்லாம் போய், காட்டு ஓநாய்களைக் கிட்டக்க இருந்து பாத்தார். பாத்தா அங்க தலைமைப் போட்டியே காணோம்! கூட்டம்னா அது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ரெண்டு மூணு ஈத்துக் குட்டிங்க. குட்டிங்க பெத்தவங்க பின்னாடி போகுது, அவ்ளோதான். வளந்ததும் தனிக்குடித்தனம். இதை 1999-ல கட்டுரையா எழுதி, காட்டு ஓநாய்க்கு இந்த ஆல்ஃபாங்கிற வார்த்தை பொருந்தாதுன்னு சொன்னார். தன்னோட பழைய புத்தகத்தை இனிமே அச்சடிக்காதீங்கன்னு பதிப்பகத்தைக் கேட்டுக்கிட்டே இருந்து, 2022-லதான் அது நின்னுது.

நம்ம பாஷையில சொன்னா, லைப்ரரியை எழுதினவரே 'யாரும் யூஸ் பண்ணாதீங்க'ன்னு டெப்ரிகேட் பண்ணிட்டார். ஆனா ஊர் பூரா புரொடக்‌ஷன்ல இன்னும் அதுதான் ஓடிட்டிருக்கு. 2004-லேர்ந்து 2012 வரைக்கும் டிவியில வந்த சீசர் மில்லன் நிகழ்ச்சியைப் பாத்து வளந்தவங்க எத்தனை பேர்! அந்த நிகழ்ச்சியிலேயே 'இதை வீட்ல முயற்சி பண்ணாதீங்க'ன்னு எழுத்துப் போடுவாங்க. நாம எப்ப அதைப் படிச்சோம்.

அதுவும் ஓநாய் கதை. நாய் மனுஷனோட சேந்து 15,000 வருஷத்துக்கும் மேல ஆச்சு. பட்டாணியை ஓநாய்னு நெனச்சு நடத்துறது, என் டேமேஜரைக் குரங்குன்னு நெனச்சு வாழைப்பழம் குடுக்கிற மாதிரி. (ஒரு நாள் குடுத்துப் பாக்கணும்.)

சரி, மல்லாக்கப் புரட்டினா என்னதான் ஆகும்? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல 2009-ல நாய் வளர்க்கிற 140 பேரை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. எல்லாம் நடத்தைப் பிரச்சினைக்காக டாக்டர்கிட்ட வந்தவங்க. அடிச்சேன், உதைச்சேன்னு சொன்னவங்கள்ல 43 சதவீதம் பேருக்கு நாய் திருப்பிக் காட்டிச்சு. புரட்டி அழுத்தினவங்களுக்கு 31 சதவீதம். முறைச்சுப் பாத்தாக்கூட 30. இது எனக்கு ஆச்சரியமா இல்ல. உறுமல்ங்கிறது நாயோட கடைசி எச்சரிக்கை இல்ல, நடு எச்சரிக்கை. முதல்ல உடம்பு விறைக்கும், கண்ணு ஓரத்துல வெள்ளை தெரியும், உதட்டை நக்கும். அப்புறம்தான் உறுமல். கடைசியிலதான் பல். உறுமினதுக்கு அடிச்சா நாய் கத்துக்கிறது 'உறுமக் கூடாது' மட்டும்தான். பயம் அப்படியே உள்ள இருக்கும். எர்ரர் லாக்கை ஆஃப் பண்ணிட்டு, பக் சரியாயிடுச்சுன்னு கிளையண்ட்டுக்கு மெயில் அனுப்புறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல. அடுத்த தடவை 'கிர்ர்' இல்லாமலே கடி விழும்.

சின்ன நாய்க்குன்னே ஒரு ஆய்வு இருக்கு. வியன்னாவுல நாய் வளர்க்கிறவங்களை எடுத்து 2010-ல வெளியிட்டது. சின்ன நாய்ங்க சொன்ன பேச்சு குறைவாக் கேக்குது, அதிகமா ஆக்ரோஷமும் பரபரப்பும் காட்டுது, அதிகமாப் பயப்படுது. இது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா சின்ன நாய்க்காரங்க பயிற்சியும் விளையாட்டும் குறைவாக் குடுக்கிறாங்க, ஒரு நாள் ஒரு சட்டம் மறுநாள் வேற சட்டம்னு மாத்தி மாத்தி நடந்துக்கிறாங்கன்னும் அதுல வருது. அடிக்கடி தண்டிக்கப்பட்ட சின்ன நாய்ங்கதான் ரொம்பப் பயந்தாங்கொள்ளியா இருக்காம்.

மாத்தி மாத்தின்னதும் எங்க வீட்டு டைனிங் டேபிள் ஞாபகம் வந்துச்சு. அம்மா "உக்காரு" என்பாங்க. அப்பா "சிட்". நான் "டேய், உக்காருடா". மூணும் ஒண்ணுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? சோஃபா அம்மா ராஜ்யத்துல தடை, அப்பா ராஜ்யத்துல அனுமதி. சாப்பிடுறப்ப குரைச்சா, பத்துல ஒன்பது தடவை அதட்டல், பத்தாவது தடவை "பாவம்டா"ன்னு ஒரு துண்டு இட்லி. இந்தப் பத்தாவது தடவைதான் வில்லன். எப்பவும் கிடைக்கிறது நின்னா சீக்கிரம் விட்டுடும். எப்பவாவது கிடைக்கிறதை நாயும் விடாது, மனுஷனும் விட மாட்டான். லாட்டரிச்சீட்டு வித்த காலத்தை நெனச்சுப் பாருங்க.

ஆக, பயிற்சி வேண்டியிருந்தது நாய்க்கு மட்டும் இல்ல. ஃபிரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டினேன். ஒரு செயலுக்கு ஒரே வார்த்தை: உக்காரு, இறங்கு, விடு, இடம். ('இடம்'னா போய் அதோட பாயில படுக்கணும்.) டேபிள்ல இருந்து எதுவும் கீழ போகாது. அப்பா அதைப் படிச்சுட்டு, "இது எனக்கா, நாய்க்கா?" என்றார். ரெண்டு பேருக்கும்தான்பா.

சாக்ஸ் விவகாரம்தான் உயிர்நாடி. பிடுங்குறதை அடியோட நிறுத்தினோம். 'விடு' சொல்லி, ரெண்டடி தள்ளி ஒரு துணுக்கு வேகவச்ச கோழியைப் போடணும். அது சாக்ஸை விட்டுட்டு வந்து திங்கும். அப்புறம், இங்கதான் அம்மாவுக்கு நம்பிக்கையே வரலை, சாக்ஸை எடுத்துட்டு மறுபடி அதுகிட்டயே குடுத்துடணும். கை கிட்ட வந்தா போகும்னு இருந்தது, கை கிட்ட வந்தா வரும்னு மாறணும். பழைய சாக்ஸ் ஒரு ஜோடியை இதுக்குன்னே தியாகம் பண்ணினேன். தினம் ரெண்டு வேளை, வேளைக்கு அஞ்சு நிமிஷம். மூணாவது வாரம், நான் சோஃபா கிட்ட போனதுமே தானா சாக்ஸை எடுத்துட்டு வந்து காலடியில போட்டுட்டு நிமிந்து பாத்தான். வியாபாரி!

துணுக்கு எவ்ளோ இருக்கணும்னா, பொட்டுக்கடலையில பாதி. அஞ்சு கிலோ நாய்க்கு ஒரு நாள் மொத்தத் தேவையே சுமார் 350 கலோரிதான். பாசத்துல போடுற ஒரு முழு இட்லி அதுல ஏழுல ஒரு பங்கைத் தின்னுடும். அதே மாதிரி கழுத்துப் பட்டையில சங்கிலி மாட்டி வெடுக்குனு இழுக்கிற வேலையும் வேண்டாம். இந்த மாதிரிச் சின்ன ஜாதிகளுக்கு மூச்சுக்குழாய் பலவீனமா இருக்கும், நசுங்கிப் போகும். நெஞ்சைச் சுத்திப் போடுற பட்டை வாங்கினேன்.

டேபிள் குரைப்பு நிக்கிறதுக்கு முன்னாடி பயங்கரமா ஏறிச்சு. நாலாவது நாள் பக்கத்து ஃப்ளாட்லேர்ந்து வந்து கேட்டாங்க. கிடைச்சிட்டிருந்தது நின்னா முதல்ல சத்தத்தைக் கூட்டித்தான் பாக்கும், அப்புறம்தான் விடும். அந்த ஒரு வாரம் வீட்ல எல்லாரும் தாக்குப்பிடிக்கணும். அப்பா தாக்குப்பிடிச்சார். எப்படின்னா, தட்டை எடுத்துக்கிட்டு பால்கனியில போய் சாப்பிட்டார்.

நாலு மாசம் முடிஞ்சு அக்கா வந்தா. முதல் தடவை பையைக் கூட உள்ள எடுத்துட்டுப் போகலை, வாசல் பக்கத்துலயே வச்சிருந்தா. குழந்தைக்கு முன்கூட்டியே ரெண்டே ரெண்டு விதி சொல்லியிருந்தேன்: நாம அவன்கிட்ட போகக் கூடாது, அவன் வந்தா பேசலாம். சோஃபாவுக்கு அடி அவனோட ரூம். நானும் பக்கத்துலயேதான் இருந்தேன், இப்பவும் ரெண்டு பேரையும் தனியா விடுறது இல்ல. பட்டாணி பத்து நிமிஷம் பாயில படுத்தபடி பாத்தான். அப்புறம் எழுந்து உள்ள போய், ஒரு சாக்ஸைக் கவ்விக்கிட்டு வந்து குழந்தை முன்னாடி போட்டான். அது அக்காவோட சாக்ஸ்.

இப்ப மாசம் ஒரு தடவை வர்றாங்க. காலிங் பெல் அடிச்சா மட்டும் இன்னும் வீட்டையே தலைகீழாக்கிடறான். 'இடம்' சொன்னா பாய் வரைக்கும் போறான், அங்க நின்னுக்கிட்டே குரைக்கிறான். அந்த டிக்கெட் இன்னும் ஓப்பன்தான்.