பட்டமா வென்றது?

நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பிரபு ஆனான். கற்றதால் அன்று, உழைத்ததால் அன்று, தந்தை மறைந்தார், ஆகவே தனயன் பிரபு! 1955-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், ஹெஸ்கெத் குடும்பத்தின் பட்டமும் ஈஸ்டன் நெஸ்டன் மாளிகையும் அலெக்சாண்டர் எனும் அச்சிறுவனை இவ்வண்ணமே வந்தடைந்தன.

வளர்ந்த பிரபு வேகத்தை விரும்பினார். 1973-இல் ஃபார்முலா ஒன் பந்தயக் களத்தில் சொந்த அணியோடு இறங்கினார். மாளிகையின் குதிரை லாயம் பட்டறையாயிற்று. பிறர் கார்கள் சிகரெட்டுக்கும் எண்ணெய்க்கும் ஓடும் விளம்பரப் பலகைகளாயிருக்க, இவர் காரோ வெள்ளை வெளேரென்று வந்தது. கரடிப் பொம்மைச் சின்னம். திடலிலே ஷாம்பெயின் விருந்து! பணக்காரப் பிள்ளையின் விளையாட்டு என்று பலர் நகைத்தனர்.

1975 ஜூன் 22. ஹாலந்தின் சாண்ட்வோர்ட் திடல். மழையில் நனைந்த தரை உலரத் தொடங்கியதும், முந்திக்கொண்டு டயர்களை மாற்றினார் ஜேம்ஸ் ஹன்ட். ஃபெராரியில் துரத்திய நிக்கி லாடாவை இறுதிவரை முன்னே விடாது வென்றார். நகைத்த வாய்கள் அடைத்தன.

நாமும் அவ்வெற்றியை எண்ணி மகிழ்கிறோம். மகிழ்ந்தபின் கேட்கிறோம்: வென்றது பட்டமா? காரை வடித்தது ஹார்வி போஸ்ல்த்வெய்ட் எனும் பொறியாளரின் அறிவு. ஓட்டியது ஹன்ட்டின் துணிவு. திருகாணி முடுக்கியவை தொழிலாளர் கரங்கள். அவ்வாண்டின் இறுதியில் செலவைத் தாங்காது பிரபு விலகினார். ஹன்ட்டோ மெக்லாரன் அணிக்குச் சென்று 1976-இல் உலக வாகை சூடினார். செல்வம் விலகியது; திறமை நின்றது!

ஆயினும், பிரபுவின் பங்கை மறைப்பது நேர்மையன்று. 1972-இல் வேறோர் அணி கைவிட, ஓட்டக் காரின்றி நின்றவர் ஹன்ட். அவரை அழைத்துக் கார் தந்தவர் இப்பிரபுவே. அக்கொடையை நாம் பழிக்கவில்லை. நம்மை உறுத்துவது வேறு. ஒரு பிரபுவின் கண்ணில் பட்டதால் ஒரு ஹன்ட் கிடைத்தான். எந்தப் பிரபுவின் கண்ணிலும் படாமற்போன ஹன்ட்டுகள் எத்தனை பேர்?

பிறப்பால் வந்த பிரபுக்கள் சபை இருக்கையைப் பெரும்பாலோரிடமிருந்து 1999-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. ஹெஸ்கெத் பிரபுவும் இழந்தார். 2005-இல் மாளிகையும் விலைபோயிற்று. பிறப்பு தந்தவை கைமாறும். காலம் அதைக் காட்டிவிட்டது.

நாள்தோறும் வகுப்பறையில் இளம் முகங்களைக் காணும் நமக்கு அந்தக் கேள்வி வெறுங்கேள்வியன்று. எவனுக்குள் எத்திறன் உறங்குகிறதென்று யாரறிவார்? வள்ளல் வரும்வரை காத்திரு என்று அவர்களிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை. வாய்ப்பு கொடையாக இருக்கும்வரை சிலருக்கே கிட்டும். உரிமையாகும் நாளிலேதான் எல்லார்க்கும் எட்டும்.