நொய்யற் கரையில்

"ஸார், நதிக்கு என்ன வர்ணம் தீட்டுவது?" என்று திருப்பூர்ப் பிள்ளைகள் கேட்டால் நகைக்கக் கூடாது. வெள்ளியங்கிரி மலையில் உதித்துக் காவிரியைச் சேரும் நொய்யலில், பனியன் துணிக்குச் சாயமேற்றிய கழிவு ஜலமே நெடுங்காலம் ஓடிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊரெங்கும் அதே பேச்சு.

அவ்வருஷம் நவம்பரில் மழையே செய்தியாயிற்று. மேற்கு மலைகளின் மறைவிலுள்ள இவ்வூர் ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. அது ஓரிரவில் கொட்டித் தீர்த்தது. ஓடைகள் கரை மீறி வீடுகளை வாரிச் சென்றன, உயிரிழந்தவர் பலர். 'ஓடைக் கரையில் ஏன் குடியேறினார்கள்?' என்று பத்திரிகை படிக்கும் நாம் சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். பனியன் கம்பெனி வேலையை நம்பி வந்த ஏழைக் குடும்பத்துக்குக் குறைந்த வாடகையில் வேறெங்கே இடம் கிடைக்கும்? மழையில்லாத நாளில் அங்கே ஓடையே தெரியாது. கொங்கு நாட்டார் அதைப் பள்ளம் என்றே சொல்லுகிறார்கள்.