மரை

நான் முதன்முதலில் கையாண்ட மரை என் காதில் இருந்தது. கம்மலின் திருகாணி. ஆறேழு வயதில் அதைக் கழற்றவும் பூட்டவும் ஆச்சி சொல்லிக்கொடுத்தாள். சோப்பும் அழுக்கும் ஏறி அது இறுகிப்போனால் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவாள். "கொஞ்சம் கெடக்கட்டும். அவசரப்பட்டு இழுத்தா காதுதான் கிழியும்" என்பாள். அரைமணி நேரம் கழித்து நகத்தால் பிடித்துத் திருகினால் வந்துவிடும். சங்கப் பாடல்களில் மரை ஒரு காட்டு விலங்கு. இன்றைய பேச்சில் ஆணியின் உடலைச் சுற்றி ஏறும் வரிப்பள்ளம். 'மரை கழன்ற கேஸ்' என்றால் புத்தி பிசகிய ஆள். சொற்களின் பின்னால் ஆண்டுக்கணக்கில் அலைந்து முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு, இந்தச் சொல்லைக் கையால் தொட்டு அறியும் வாய்ப்பை ஒரு பழைய காரின் சக்கரம்தான் கொடுத்தது.

தூத்துக்குடியில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஜன்னல் கம்பி, வாசல் கேட், மாடிப்படிக் கைப்பிடி என்று எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்னும். இரும்பு, ஈரம், காற்றின் ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு அதை விரைவுபடுத்துகிறது. துரு, தான் பிறந்த இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையில் இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் துரு பருத்தால் இரண்டும் ஒட்டிப் பிறந்தவைபோல ஆகிவிடும்.

வெளிநாடு போகும்போது அண்ணன் விட்டுச்சென்ற சின்ன கார் அது. இரண்டு மழைக்காலம் வெட்டவெளியில் நின்றது. பிறகு அம்மாவுக்காக அதை ஓட்டத் தொடங்கினேன். செவ்வாயும் வெள்ளியும் காலை 6 மணிக்கு அவளுக்கு டயாலிசிஸ். அந்த நேரத்தில் ஆட்டோ கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஒரு சனிக்கிழமை பிற்பகலில் பின்பக்கத்து டயரின் ஓரத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பைப் பார்த்தேன். உள்ளே இழை அறுந்திருக்கிறது, ஓட்டினால் வெடிக்கும். டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது. ஆனால் நான்கு நட்டில் ஒன்றுகூட அசையவில்லை.

டயர் கடையிலிருந்து ஒருவர் வந்தார். வந்ததும் கேட்டது, "சார் இல்லையா மேடம்?" ஸ்பேனரை மாட்டி அதன்மேல் ஏறிக் குதித்தார். மூன்று நட்டும் அப்படியே இருந்தன. நான்காவதில் ஸ்பேனர் வழுக்கி அதன் மூலைகள் மழுங்கிப்போயின. "வெட்டித்தான் எடுக்கணும். சார் வந்ததும் போன் பண்ணச் சொல்லுங்க" என்று கிளம்பிவிட்டார். எதிர்வீட்டுத் தாத்தா மதிலுக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்: "அதுக்கெல்லாம் ஆம்பளை வலு வேணும் டீச்சரம்மா."

வலு என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எங்கள் ஊர் உப்பளங்களில் பெண்கள் கொளுத்தும் வெயிலில் உப்பைத் தலையில் சுமக்கிறார்கள். அவர்களுக்கு வலு இல்லை என்று யாரும் வேலை மறுத்ததில்லை. கட்டட வேலையில் செங்கல்லையும் கலவையையும் மாடிக்குச் சுமப்பவள் சித்தாள். கொத்துக்கரண்டியைப் பிடிப்பவர் கொத்தனார். கரண்டியின் எடை, அவள் தலையிலிருக்கும் சட்டியின் எடைக்குப் பக்கத்தில்கூட வராது. இருந்தும் சித்தாளாகவே வயதாகி ஓய்ந்த பெண்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கனமான வேலை பெண்ணுக்கு, கருவியுள்ள வேலை ஆணுக்கு என்பதுதான் நடைமுறை. இத்தாலிய மானிடவியலாளர் பாவ்லா தாபெட் 1979இல் கைகள், கருவிகள், ஆயுதங்கள் பற்றி எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. வேலைப் பிரிவினையை உடலின் இயற்கையாகப் பார்க்காமல், யார் கையில் எந்தக் கருவி இருக்க விடப்படுகிறது என்று பார்க்கச் சொல்கிறார் அவர். அதைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை மாலை அது வாசலில் நான்கு நட்டுகளாக நின்றது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சின்ன கார்களின் சக்கர நட்டை முடுக்க வேண்டிய அளவு ஏறத்தாழ 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். என் எடை 58 கிலோ. காரோடு வரும் 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் நான் ஏறி நின்றாலே சுமார் 140 கிடைக்கும். பழைய மோட்டார் குழாய் ஒன்று கொல்லையில் கிடந்தது. அதை ஸ்பேனரின் கைப்பிடியில் செருகி நீளத்தை 75 சென்டிமீட்டர் ஆக்கினால் அதே உடம்பு 420க்கு மேல் தரும். தசை வளரவே வேண்டாம், குழாய் நீண்டால் போதும். நெம்புகோலைப் பள்ளியில் எல்லாப் பெண் பிள்ளைகளும் படித்துத்தான் மதிப்பெண் வாங்குகிறார்கள். அதைக் கொண்டுபோய் மாட்ட ஒரு நட்டை மட்டும் யாரும் அவர்களிடம் கொடுப்பதில்லை.

ஆனால் விசை மட்டும் போதாது. அவசரப்பட்டால் காதுபோலப் போல்ட்டும் போகும், முறிந்துவிடும். என் இளங்கலை மாணவி ஒருத்தியின் அப்பா லாரி மெக்கானிக். ஞாயிறு காலை அவளுக்குப் போன் செய்தேன், அப்பாவிடம் கேட்டுச் சொல்வாள் என்று. அவள் கேட்கப் போகவில்லை, அவளே சொன்னாள். "கம்பி பிரஷ்ஷால துருவ மேலாக்க தேச்சிடுங்க மேம். அப்புறம் எண்ணெய் விட்டு ஊற வைங்க. நடுவுல நடுவுல சுத்தியலால நட்டு மேல லேசாத் தட்டணும், அப்பத்தான் எண்ணெய் உள்ள இறங்கும். கழட்டறதுக்கு முன்னாடி முதல்ல ஒரு துளி இறுக்கணும். துரு உடையும். அப்புறம்தான் எதிர்ப்பக்கம்." இதெல்லாம் எப்படித் தெரியும் என்றேன். "சின்னதுலேருந்து பட்டறையில பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன் மேம். ஸ்பேனரைக் கையில குடுத்ததில்ல. டீ வாங்கிட்டு வரச் சொல்வாங்க."

கடையில் துருவிளக்கி எண்ணெய் வாங்கினேன். எல்லோரும் அறிந்த டபிள்யூடி-40 கூட இந்த வேலைக்குப் பிறந்தது இல்லை. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஒரு சிறு நிறுவனம், ஏவுகணைத் தொழிலுக்காக ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கும் திரவமாக அதை உருவாக்கியது. 40ஆவது முயற்சியில் சரியாக வந்ததால் பெயரில் அந்த எண். இறுகியதைக் கழற்றவென்றே மெல்லிய ஊடுருவும் எண்ணெய்கள் தனியே உண்டு. மயிரிழை இடுக்கிலும் தானாக ஏறிப் பரவுவதுதான் அவற்றின் குணம், திரியில் விளக்கெண்ணெய் ஏறுவதுபோல. அவற்றுக்குத் தேவை நேரம்.

நேரம் என்றதும் பெண்களுக்கு எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. ஆனால் இந்த வேலை கேட்டது முழு நாளை இல்லை. ஞாயிறு காலை பால் காய்ச்சும்போது ஒரு முறை எண்ணெய், ஐந்து தட்டு. மதியம் அம்மாவுக்கு உப்பில்லாச் சமையல் முடித்து ஒரு முறை. இரவு ஒரு முறை. திங்கள் கல்லூரிக்குக் கிளம்புமுன் ஒரு முறை. நம் நாள் எப்படித் துண்டு துண்டாக இருக்கிறதோ அப்படியே இந்த வேலையையும் துண்டு போடலாம். "ஏளா, நல்ல துண்டுல கையத் தொடைக்காத, பழைய சேலை கெடக்கு பாரு" என்பதைத் தவிர அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய எவர்சில்வர் டம்ளர்களை நாம் எப்படிப் பிரிக்கிறோம்? உள்ளே குளிர்ந்த நீர், வெளியே வெந்நீர். வெளிப்பாத்திரம் விரியும், உள்பாத்திரம் சுருங்கும். பட்டறையில் இறுகிய நட்டைத் தீயால் சூடாக்குவதும் இதே வழிதான். நட்டு விரியும், அதன் பிடி தளரும். டயரும் எண்ணெயும் அருகிலிருந்ததால் நான் தீயை நாடவில்லை. ஆனால் ஒரே அறிவு, அடுப்படியில் கைப்பக்குவம் என்றும் பட்டறையில் தொழில்நுட்பம் என்றும் இரண்டு பெயரில் வாழ்கிறது. முதலாவதற்குக் கூலி கிடையாது.

திங்கள் மாலை அந்த மாணவி நேரிலேயே வந்துவிட்டாள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்த வேண்டும், ஜாக்கியில் தூக்கிய பிறகு நெம்பினால் கார் சரியும் என்றாள். கைபிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். ஒரு துளி இறுக்கினேன். பிறகு குழாயின் நுனியில் என் எடையை மெல்ல இறக்கினேன், குதிக்காமல். 'டக்' என்று ஒரு சத்தம். எதுவோ உடைந்துவிட்டது என்று பயந்து பார்த்தால், துருதான். செங்கல் நிறத்தில் தூளாக உதிர்ந்தது. அடுத்த இரண்டும் அதே சத்தத்துடன் வந்தன.

நான் கவிதை எழுதுகிறவள். துருவைக் கண்டால் திருமணம், மௌனம், நாற்பதைத் தாண்டிய உடல் என்று உவமைகள் வரிசை கட்டி நிற்கும். அன்று ஒன்றையும் எழுதவில்லை. மறுநாள் காலை 6 மணிக்கு அம்மாவின் ரத்தம் சுத்தமாக வேண்டும், அதற்கு ஒரு சக்கரம் வேண்டும் என்பது மட்டுமே மனதில் இருந்தது. பெண்ணின் கையிலிருக்கும் பொருளை உடனே உருவகமாக்கிவிடுவதும், அந்தப் பொருளை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஒரு வழிதானோ என்று இப்போது தோன்றுகிறது.

மழுங்கிய நான்காவது நட்டு மிச்சம். நட்டைவிடச் சற்றே சிறிய பழைய சாக்கெட் ஒன்றை அவள் பையில் கொண்டுவந்திருந்தாள். அதைச் சுத்தியலால் அடித்து நட்டின்மேல் ஏற்றினாள். நான் ஸ்பேனரை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். "நீயே போடு" என்றேன். நாற்பத்தைந்து கிலோ இருப்பாள். குழாயைப் பிடித்து நுனியில் தொங்கினாள். இரண்டாவது முறை தொங்கியதும் வந்தது.

ஜாக்கியைத் தூக்கிய பிறகும் சக்கரம் ஹப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் துருவின் வேலை. முன்னே உட்கார்ந்து டயரின் ஓரத்தை இடதும் வலதுமாகக் குதிகாலால் மாறி மாறி உதைக்க, அது விடுபட்டது. ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பை அடியில் கொடுக்கக்கூடாது என்பதில் அவள் கண்டிப்பாக இருந்தாள். ஹப்பைத் தேய்த்து, அது சக்கரத்தைத் தொடும் வட்டத்தில் மெல்லிதாகக் கிரீஸ் தடவினோம். நட்டின் மரையில் தடவவில்லை. அங்கே தடவினால் முடுக்கும் கணக்கு மாறிவிடும். புது நட்டுடன் ஸ்டெப்னி ஏறியது. செவ்வாய் ஐந்தரைக்கு நானும் அம்மாவும் கிளம்பினோம்.

அந்த மழுங்கிய நட்டைக் கைக்குட்டையில் சுற்றி, அப்பாவிடம் காட்டுவதற்காக அவள் எடுத்துப்போனாள். அவர் அதை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு யார் கழற்றியது என்று கேட்டாராம். நான்தான் என்றாளாம். கெட்டிக்காரி என்றாராம். அடுத்த ஞாயிறு, பட்டறைக்குக் கூட அழைத்துப் போனது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தம்பியை.