நிற்கும் வாகனமும் சாலையின் உரிமையும்

மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தமையன்மாரையும் மாமன்மாரையும் நம் ஊரில் தெருவுக்குத் தெரு காண்கிறோம். அதனை நிறுத்தக் கற்றுக்கொடுப்பவர் ஒருவரையேனும் நாம் இதுவரை கண்டதில்லை. ஓட்டுவதுதான் வித்தை, நிறுத்துவதற்கென்ன பயிற்சி என்று எண்ணிவிடுகின்றனர் போலும். இடக்காலால் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, அது முழுமையாக விரிந்ததா, தரையில் ஊன்றியதா என்று திரும்பியும் பாராமல் நடந்துவிடுகின்றனர்.

பொன்னேரியில் இக்காட்சிக்குப் பஞ்சமில்லை. சென்னைக்குச் செல்வோரும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்குச் செல்வோரும் விடியற்காலையில் ரயில் நிலையத்தருகே வண்டிகளை நெருக்கி நிறுத்திவிட்டு மின்ரயிலைப் பிடிக்க ஓடுகின்றனர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் பள்ளிவாசல் தெருவும் அவ்வாறே ஆகிவிடுகிறது. ஒரு வண்டி சரிந்தால் அடுத்ததன் மீது, அது அதற்கடுத்ததன் மீது என்று ஒரு வரிசையே படுத்துவிடும். குத்பாவின் நடுவே அந்த ஓசை கேட்டதும், ஸஃப்பில் அமர்ந்திருப்போரில் பாதிப்பேரின் உள்ளம் வாசலுக்குப் போய்விடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

சைடு ஸ்டாண்டைத் தூய தமிழில் பக்கத் தாங்கி என்று எழுதலாம். மெக்கானிக்கிடம் அப்படிச் சொன்னால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆதலின் மக்கள் வழக்கையே கைக்கொள்கிறோம். பொன்னேரியிலிருந்து இதே இருப்புப்பாதையில் தெற்கே சென்றால் வரும் திருவொற்றியூரில்தான் 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றிப் புல்லட் வண்டிகளை உருவாக்கத் தொடங்கிற்று. புல்லட் வைத்திருந்த முதியவர்கள் அதனை மூச்சைப் பிடித்து இழுத்து, நடு ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டினுள் நுழைவார்கள். இன்று பல வண்டிகளில் நடு ஸ்டாண்டே இல்லை. இரண்டு சக்கரமும், இடப்புறம் ஊன்றிய ஒரு சிறு இரும்புக் காலும் சேர்ந்து அமைக்கும் முக்கோணத்தின் மேல்தான் நூற்றைம்பது கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள பொருள் நிற்கிறது. அம்முக்கோணத்துக்கு வெளியே பாரம் போனால் வண்டி விழும். அவ்வளவே அதன் இலக்கணம்.

நிற்க. அரபு மொழி பயின்றோர்க்கு இந்தச் சிறு இரும்புக்காலைக் காணும்போது ஒரு சொல் நினைவுக்கு வராமற்போகாது. பாலைவனத்து மக்கள் ஒட்டகத்தைப் படுக்கவைத்து, அதன் முன்னங்காலை மடக்கி ஒரு கயிற்றால் கட்டுவார்கள். அக்கயிற்றுக்கு ‘இகால்’ என்று பெயர். அறிவு என்னும் பொருள்படும் ‘அக்ல்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. மனிதனைத் தறிகெட்டு ஓடவிடாமல் கட்டி நிறுத்துவதால் அறிவுக்கு அப்பெயர் வந்தது என்பர் மொழிநூலார். தவறுதலாக ஓர் உயிர் போக நேர்ந்தால் அதற்குரிய ஈட்டுத்தொகையைக் கூடிச் செலுத்தும் உறவினர்க்கு ‘ஆகிலா’ என்று பெயர். ஈடாகக் கொண்டுவந்த ஒட்டகங்களை இறந்தவரின் வீட்டு முற்றத்தில் கட்டியதால் வந்த பெயராம் அது. ஆகக் கயிறும் அறிவும் ஈட்டுக்கடனும் ஒரே வேரில் முளைத்தவை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டுவதா, அவிழ்த்துவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதா என்று ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டதும், முதலில் கட்டு, பின்னர்ப் பொறுப்புச் சாட்டு என்னும் கருத்தில் அவர்கள் விடையளித்ததும் நம் வாசகர் அறியாததன்று. அனஸ் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதீயில் வரும் செய்தி அது. மேடைதோறும் அதனைச் சொல்கிறோம். எனினும் மேடையிலிருந்து இறங்கியதும் வண்டியை எவ்வாறு நிறுத்தியிருக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ் வீட்டில் நிகழ்ந்ததைக் கூறுவோம். பந்தலின் முன்னே புதுமணல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். விருந்துக்கு வந்த ஒருவர் மணலிலேயே சைடு ஸ்டாண்டைப் போட்டு வண்டியை நிறுத்தினார். இடப்புறம் ஒரு மூட்டை தேங்காயும் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டின் அடிப்பாகம் சிறிது சிறிதாக மணலில் புதைந்தது. கால்மணி நேரம் கழித்து, அருகில் விளையாடிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுமியின் காலில் வண்டி விழுந்து, கணுக்காலெலும்பு முறிந்தது. வண்டிக்காரர் நல்ல மனிதர், பதறிப்போனார். “அல்லாஹ்வின் நாட்டம்” என்றார். கூலிவேலை செய்யும் சிறுமியின் தந்தையும், பெரியவர்கள் கூடிய இடத்தில் வேறென்ன சொல்வது என்று அறியாமல் “நாட்டம்தான்” என்றார். சிறுமியின் பாட்டியார் மட்டும் அதனோடு விடவில்லை. நம்மைப் பார்த்து, “அஜரத்து, அல்லாவோட நாட்டம் சரிதான். மணல்ல கொண்டாந்து நிறுத்துனது யாரு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடி அன்றிரவு நாம் கிதாபுகளைப் புரட்டினோம். மோட்டார் வண்டி அவற்றில் இல்லை. ‘தாப்பத்’, அதாவது வாகன விலங்கு, இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள், பொதுவழியைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை அதனால் பிறர்க்குத் தீங்கு விளையாதிருத்தல் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டது என்று தெளிவாகக் கூறுகின்றன. ஹனஃபீ மத்ஹபின் புகழ்பெற்ற நூலாகிய ஹிதாயாவில், ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் இன்னும் நுட்பமாக ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார்கள். விலங்கின் மீது ஏறிச் செல்லும்போது அது மிதித்தோ முட்டியோ விளைக்கும் சேதத்துக்கு அவர் பொறுப்பாளி. ஆனால் நடந்துகொண்டே அது பின்னங்காலால் உதைத்துவிட்டால் அவர்மீது பொறுப்பில்லை. முன்னே பார்த்துச் செல்பவர் பின்னே உதைப்பதைத் தடுக்க இயலாது. அதே விலங்கை அவர் பாதையில் நிறுத்தி வைத்து, அப்போது அது உதைத்தால், அந்த உதைக்கும் அவரே பொறுப்பு. ஏனெனில் பாதையில் நிறுத்துவது தவிர்க்கக்கூடிய செயல்; அதைத் தாமே தேர்ந்துகொண்டார்.

இதனைப் படித்தபோது நாம் சற்றே வியந்துபோனோம். ஓடும் வண்டிதான் ஆபத்து, நிற்கும் வண்டி சாது என்றல்லவா உலகம் எண்ணுகிறது! ஓடுகையில் மனிதனுக்குச் சில சலுகைகள் உண்டு. நிறுத்திவிட்டாலோ சாக்குப்போக்குக் குறைந்துவிடுகிறது. நம் நாட்டுச் சட்டமும் இதற்கு மாறானதன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 122ஆம் பிரிவில், பிறர்க்கு ஆபத்தோ இடையூறோ விளையும் நிலையில் வாகனத்தைப் பொதுவிடத்தில் விட்டுவைப்பதைத் தடுக்கிறது. 126ஆம் பிரிவு, ஓட்டுநர் இல்லாமல் நிற்கும் வாகனம் தற்செயலாக நகர்ந்துவிடாதபடி இயந்திரத்தை நிறுத்திப் பிரேக்கோ வேறு தடையோ இடவேண்டும் என்கிறது.

மறுநாள் வண்டிக்காரரிடம் இச்செய்திகளைச் சொன்னோம். அவர் இருமுறை கேட்கவில்லை. மருத்துவச் செலவையும், மகளைத் தூக்கிக்கொண்டு அலைந்த நாட்களில் தந்தை இழந்த கூலியையும் ஏற்றுக்கொண்டார். சிறுமி இப்போது நன்றாக நடக்கிறாள். காயத்துக்கான ஈட்டில் சட்ட நூலார் கூறும் நுணுக்கங்கள் பல. அவற்றை இங்கே விரிக்கப் புகுந்தால் இதழில் இடம் போதாது.

இனி நிறுத்தும் முறையைப் பற்றிச் சிறிது. மடிக்கும்போது சைடு ஸ்டாண்டு பின்னோக்கி மேலேறும். ஆகவே நிறுத்திய வண்டி முன்னோக்கி உருண்டால் ஸ்டாண்டு தானே மடங்கிக்கொள்ளும். பின்னோக்கி அழுந்தினால் அது மேலும் உறுதியாக நிற்கும். இதனால்தான் சரிவில் வண்டியின் முகம் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள்; முதல் கியரிலும் விட்டு வைக்கவேண்டும். கியரில்லாத ஸ்கூட்டர்களுக்கு இந்தத் துணை கிடையாது. சரிவான இடத்தில் அவற்றை நிறுத்தாதிருப்பதே நலம். ஹேண்டில்பாரை இடப்புறம் முழுவதும் திருப்பிப் பூட்டிவிட வேண்டும். தரை இடப்புறம் தாழ்ந்திருந்தால் வண்டி மிகையாகச் சாயும். இடப்புறம் உயர்ந்திருந்தால் நிமிர்ந்து நின்று, காற்றடித்தாலும் வலப்புறம் கவிழும். பின்னது கண்ணுக்கு நேராக நிற்பது போல் தோன்றுவதால் பலரும் ஏமாறுகின்றனர்.

நம் பக்கத்து மண்ணையும் கருதவேண்டும். பழவேற்காட்டுக்குப் போனால் மணல். மழைக்குப்பின் ஆரணியாற்றங்கரையில் சேறு. கத்திரி வெயிலில் உருகும் தார். மூன்றும் ஸ்டாண்டின் சிறிய அடியை விழுங்கும். உள்ளங்கையளவு பலகைத்துண்டோ தட்டைக்கல்லோ அடியில் வைத்தால் போதும். பழவேற்காட்டிலிருந்து மீன்பெட்டி கொண்டுவருவோரும் தண்ணீர்க் கேன், எரிவாயு சிலிண்டர் ஏற்றுவோரும் பாரத்தை இறக்கிய பின்னரே சைடு ஸ்டாண்டை நம்பவேண்டும். அதில் நிற்கும் வண்டியின் மேல் அமர்ந்து கதை பேசுவது இளைஞர்க்கு இனிதாயிருக்கலாம். ஆனால் ஸ்டாண்டின் மேல் விழும் பாரத்தை ஒற்றைப் போல்ட்டு தாங்குகிறது. இன்னொன்று, பெரும்பாலான வண்டிகளில் சைலென்சர் வலப்புறம் இருக்கிறது. இடப்புறம் சாய்த்து நிறுத்தும்போது அது வெளிப்புறமாக மேலெழுந்து நிற்கும். குறுகிய சந்தில் நடந்துபோகும் பெண்களும் குழந்தைகளும் கெண்டைக்காலில் சுட்டுக்கொள்வது இதனாலேதான். சுவரோரம் அந்தப் பக்கம் அமையுமாறு நிறுத்துவதில் என்ன சிரமம்?

எல்லாவற்றினும் கொடியது ஸ்டாண்டை எடுக்க மறந்து புறப்படுவது. நேர்ச்சாலையில் ஒன்றும் தெரியாது. இடப்புறம் திரும்புகையில் வண்டி சாய, தொங்கும் இரும்பு தரையைத் தட்டி ஆளையே தூக்கியெறியும். தச்சூர் கூட்டுச்சாலை வழியாக லாரிகளுக்கிடையே ஷிப்டுக்கு விரையும் பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சினை நிறுத்திவிடும் சுவிட்ச் இருக்கிறது. பழைய வண்டிகளில் அது இல்லை. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், எடுத்துவிட்ட ஸ்டாண்டும் வழியில் தானே இறங்கும். அந்த ஸ்பிரிங்கின் விலை பெரிதாய் இராது.

பாதையில் உட்காருவோர் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிட வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. சென்ற வாரம் ஜும்ஆவுக்கு முன் அதனை விளக்கி, கதவோரம் வண்டி நிறுத்தியிருந்தவர்களை எழுந்து போய்ப் பார்த்துவரச் சொன்னோம். பதின்மர் போயினர், மூவர் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு வந்தனர். பள்ளிவாசல் மதிலோரமாக, ஒரு முழ அகலத்துக்கு ஸ்டாண்டு ஊன்றுவதற்கென்றே சிமெண்டுத் தளம் போட்டுத் தரும்படி நிர்வாகத்தாரைக் கேட்டிருக்கிறோம். ரமலானுக்குள் முடித்துவிடலாம் என்கிறார்கள்.